உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது? சுங்கை சிப்புட் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிரஷர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்து லயமானாலும் சரி, தாமான் வீடானாலும் சரி, அலமாரியில் ஒரு மாத்திரைப் பை இருக்கும். நாடு முழுக்கவே இப்படித்தான். சுகாதார அமைச்சின் 2023 ஆய்வில், பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. கிளினிக்கில் இருக்கும் கூட்டத்துக்கு "உப்பைக் குறைங்க" என்று ஒரு வரிதான் சொல்ல முடிகிறது. அந்த ஒரு வரியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எழும் கேள்விகள் இவை.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சாப்பிடலாம்?

பெரியவர்களுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேக்கரண்டியில் உப்பை எடுத்து மட்டமாக வழித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். மலேசியர்கள் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராமை ஒட்டி இருக்கிறது.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. அந்த 5 கிராம் குழம்பில் போடும் உப்புக்கு மட்டும் உரிய கணக்கு இல்லை. காலையில் பசியாறிய ரொட்டி சானாய், பத்து மணி பிஸ்கட், மதியம் தொட்டுக்கொண்ட ஊறுகாய், இரவு மீ கோரிங், எல்லாம் சேர்த்துத்தான் 5.

உப்பு கூடினால் பிரஷர் ஏன் ஏறுகிறது?

உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தக் குழாய்க்குள் ஓடும் நீரின் அளவு கூடும், குழாய்ச் சுவரின் மேல் அழுத்தமும் கூடும். மிச்ச உப்பை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வயதாக ஆக, அல்லது இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து சிறுநீரகம் களைத்துப்போக, அந்த வேலை மெதுவாகிறது. அதனால்தான் இருபது வயதில் ஒன்றும் செய்யாத அதே கருவாடு ஐம்பதில் காலை வீங்க வைக்கிறது.

குறைத்தால் பலன் உண்டா என்றால், உண்டு. உப்பைக் குறைத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் கணக்குப் போட்டார்கள். நாளுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல் குறைத்தவர்களில், ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு பிரஷர் அளவின் மேல் எண் சராசரியாக 5 புள்ளி இறங்கியிருந்தது. கொதிப்பு இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் இறங்கியது.

எங்கள் வீட்டில் உப்பு குறைவாகத்தான் போடுகிறோம். அப்புறமும் ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத அக்காமார் குறைவு. பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையும்கூட. சட்டியில் விழும் உப்பு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதே வீட்டில் கீரை பிரட்டலுக்கு ஓய்ஸ்டர் சாஸ், முட்டைக்குக் கிச்சாப் (சோயா சாஸ்), சம்பலுக்குப் பெலாச்சான் (இறால் விழுது), சூப்புக்கு ஒரு சுவைக் கியூப், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலி, பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் ஒரு பாக்கெட் மேகி. உப்பு ஜாடியைத் தொடாமலேயே அன்றைய பங்கு முடிந்துவிடும்.

உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உப்பாகச் சொன்னால் 2 கிராமுக்கு மேல். கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலைச் சாய்த்தால் ஒரு கரண்டியோடா நிற்கிறது?

அதனால் என் யோசனை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் ரசத்தில் கை வைக்காதீர்கள். உப்பு ஏற்கெனவே ஏறி வரும் பொருள்களைக் குறையுங்கள்: கிச்சாப், சாஸ், கியூப், பாக்கெட் மீ, கருவாடு, ஊறுகாய், அப்பளம், கெரோப்போக் (மீன் வறுவல்). சட்டி உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். முதல் நாளே சாம்பாரைச் சப்பென்று ஆக்கிவிடுகிறார்கள், வீட்டில் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள், சாம்பாரை இறக்க ஊறுகாய் பாட்டில் மேசைக்கு வருகிறது. மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி.

பாக்கெட்டில் உப்பு என்று தேடினால் காணோமே?

சத்துப் பட்டியலில் "நாட்ரியம்" என்று மலாயிலோ "சோடியம்" என்று ஆங்கிலத்திலோ போட்டிருப்பார்கள், மில்லிகிராம் கணக்கில். அதை 2.5ஆல் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் உப்பு எத்தனை கிராம் என்று வந்துவிடும். 1,000 மில்லிகிராம் நாட்ரியம் என்றால் 2.5 கிராம் உப்பு, அதாவது ஒரு நாள் பங்கில் பாதி. பாக்கெட் மீயின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் அந்த எண்ணே தாண்டியிருக்கும்.

ஒரு சூட்சுமம்: பட்டியலில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று 100 கிராமுக்கு, மற்றது ஒரு பரிமாறலுக்கு. இரண்டு பிராண்டுகளை ஒப்பிட 100 கிராம் கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு சாப்பிடப் போகிறீர்கள் என்று தெரிய மற்றதைப் பாருங்கள். அங்கேயும் "பரிமாறல்" எவ்வளவு என்று கவனிக்க வேண்டும். நாம் ஒரே மூச்சில் முடிக்கும் முறுக்குப் பையைச் சில நிறுவனங்கள் மூன்று நான்கு பரிமாறல் என்று கணக்கிட்டிருப்பார்கள்.

ரொட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாக்குக்கு உப்பே தெரியாது, ஆனால் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியில் அரை கிராமுக்குக் கூடவே உப்பு இருக்கும்.

கருவாட்டையும் நெத்திலியையும் விட்டுவிட வேண்டுமா?

விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். தோட்டத்தில் மாதக் கடைசியில் சோற்றை இறக்கியதே கருவாடும் நெத்திலியும்தான். ஆனால் இரண்டையும் கையாளும் விதம் மாறலாம்.

நெத்திலியைக் காயவைப்பதற்கு முன் உப்புத் தண்ணீரில் அவிக்கிறார்கள். அதனால் பொரிப்பதற்கு முன் தண்ணீரில் அலசி, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிழிந்து, துணியில் ஒற்றி எடுத்தால் உப்பில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். ஈரம் போக உலரவைத்துப் பொரித்தால் மொறுமொறுப்பும் கெடாது. முக்கியமானது, நெத்திலி போட்ட சம்பலுக்குத் தனியாக உப்புப் போடவே கூடாது. பெலாச்சானும் சேர்த்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு, தண்ணீரை ஒரு தடவை மாற்றுங்கள். பிறகு அதைத் துண்டு துண்டாகத் தட்டில் வைக்காமல், கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பாக வையுங்கள். நான்கு பேருக்கு இரண்டு துண்டு போதும், மணம் முழுக் குழம்புக்கும் ஏறிவிடும். கருவாட்டுக் குழம்புக்குப் பொடி உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. பொரித்த கருவாடு வேண்டும் என்று மனசு கேட்டால் வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

டின் சார்டினும் இதே வகைதான். குழம்பு வைக்கும்போது அதிலுள்ள சாஸிலேயே உப்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு மறுபடியும் போடுகிறார்கள்.

உப்பைக் குறைத்தால் குழம்பு ருசிக்குமா?

புளிப்பும் மணமும் கூடினால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. அந்த வகையில் மலேசியத் தமிழ்ச் சமையலறைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. நம்மிடம் புளியும் உண்டு, அசாம் கெப்பிங் என்னும் புளிப்புக் காய்த்துண்டும் உண்டு. கறிவேப்பிலையோடு சேரையும் (எலுமிச்சைப் புல்) பாண்டான் இலையும் கொல்லையிலேயே நிற்கின்றன. லீமாவ் காஸ்தூரி (சிறு எலுமிச்சை) ஒன்றைப் பிழிந்தால் உப்புக் குறைந்த மீ ஹூன் சூப் எழுந்து உட்காரும்.

சமைக்கும் முறையில் சில மாற்றங்கள் போதும். உப்பை வேகும்போதே கொட்டாமல், இறக்கும் நேரத்தில் போடுங்கள், குறைவாகவே போதும். தாளிப்பை வஞ்சகமில்லாமல் செய்யுங்கள். பூண்டு, மிளகு, சீரகத்தை அப்போது இடித்துப் போட்டால் ரசத்துக்கு உப்புக் குறைந்தது தெரியாது. வெங்காயத்தையும் தக்காளியையும் நிதானமாக வதக்குங்கள். அவசர வதக்கலில்தான் குழம்பு வெளிறிப்போய், அதை ஈடுகட்ட உப்புப் போகிறது. குழம்புத் தூளில் பெரும்பாலும் உப்பு இருக்காது, ஆனால் கடையில் அரைத்து விற்கும் கறி பேஸ்டுகளில் இருக்கும். பேஸ்ட் போட்டால் உப்பு ஜாடியைத் திறக்காதீர்கள்.

தேங்காய்ப்பாலைப் பற்றிக் கேட்பீர்கள். அது உப்பைத் தேட வைக்கும் பொருள். சாந்தான் கெட்டியாக இருக்க இருக்க உப்பு கூடத் தேவைப்படும். தண்ணீர்ப் பாலில் வைத்துக் கடைசியில் கொஞ்சம் கெட்டிப் பால் விடுவது பாட்டிமார் செய்தது, அதையே செய்யலாம்.

கையால் அள்ளிப் போடுவதை நிறுத்திக் கரண்டிக்கு மாறுங்கள். கை அளவு ஒருபோதும் தவறாது என்று சொல்லும் அத்தைமார் வீட்டில்தான் குழம்பு நாளுக்கு ஒரு ருசியாக இருக்கிறது!

மாமாவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக வைக்கலாமா?

வேண்டாம். இரண்டு சட்டி வைக்கும் அண்ணிக்கு அது இரட்டை வேலை, ஒரு மாதத்துக்கு மேல் யாராலும் முடியாது. தனித் தட்டில் சப்பென்று சாப்பிடும் மனிதர் மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பிறகு ஒட்டுக்கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒரே சட்டி, எல்லாருக்கும் கொஞ்சம் குறைந்த உப்பு, அதுதான் நிற்கும். அப்பா அம்மாவுக்குக் கொதிப்பு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆக, மற்றவர்களுக்கும் அது வீணில்லை.

இன்னொன்று. உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை மாமாவிடம் போகிறது, கரண்டி வேறொருவர் கையில் இருக்கிறது. கிளினிக்குக்குப் போகும்போது சமைப்பவரும் கூடப் போனால் நல்லது.

நாக்கு எத்தனை நாளில் பழகும்?

சில வாரங்கள் ஆகும். ஒரேயடியாகக் குறைக்காமல், வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் வீட்டில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பழகிய பிறகு பழைய கடை மீ கோரிங் கரிக்கும்.

வாரத்தில் பாதி நாள் வெளிச் சாப்பாடுதான். அங்கே என்ன செய்வது?

ஒட்டுக்கடையில் உப்பு பெரும்பாலும் குழம்பிலும் சாஸிலும்தான் இருக்கிறது. ரொட்டி சானாய்க்குக் குழம்பைத் தட்டில் ஊற்றச் சொல்லாமல் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிடுங்கள். வாழையிலைச் சாப்பாட்டில் மூன்று குழம்பையும் சோற்றின் மேல் "பஞ்சிர்" அடிப்பதுதான் (வெள்ளமாக ஊற்றுவதுதான்) ருசி என்பது எனக்கும் தெரியும், ஆனால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு காய்கறியை இரண்டாம் தடவை வாங்கலாம். மீ சூப் குடித்தால் மீயைச் சாப்பிட்டுவிட்டுச் சாற்றை மிச்சம் வையுங்கள், உப்பில் பெரும்பங்கு அங்கேதான் கரைந்து கிடக்கிறது. நாசி லெமாக்கில் சம்பலைப் பாதி ஒதுக்கலாம். "கிச்சாப் குறைச்சுப் போடுங்க அண்ணே" என்று மீ கோரிங் பிரட்டுபவரிடம் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகத்தானே பிரட்டுகிறார்.

வீட்டில் மேகி போட்டால் மசாலாத் தூள் பாதிப் பொட்டலம், கூட ஒரு முட்டை, ஒரு பிடி சாவிக் கீரை. மீதித் தூளை வேறு சமையலுக்கு எடுத்து வைக்காமல் குப்பையில் போடுங்கள்.

வெயிலில் குலை வெட்டுகிறவர்களுக்கு உப்பு வேண்டாமா? வியர்வையில் போகிறதே?

போகிறதுதான். காலை முழுக்கச் செம்பனைக் குலை வெட்டுகிறவர் வியர்வையில் கணிசமான உப்பை இழக்கிறார். ஆனால் வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அது திரும்பி வந்துவிடும். தண்ணீர் போத்தலில் உப்பைக் கரைத்துக் குடிக்கவோ, அதைக் காரணம் காட்டித் தட்டில் உப்பைத் தூவவோ தேவையில்லை. வேலை நேரத்தில் முக்கியமானது தண்ணீர், அதையும் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே குடிப்பது. டின் பானங்களில் உப்பை விடச் சீனிதான் கவலை.

இங்கே ஒரு விதிவிலக்கு. வெயிலில் தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு என்று வந்தால் நிழலுக்குப் போய் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கின் போது கொடுக்கும் உப்புச் சீனிக் கரைசலும் அப்படித்தான், அது மருந்து. பிரஷர் இருக்கிறது என்று அதை மறுக்கக் கூடாது.

கல்லுப்பு, இந்துப்பு, இளஞ்சிவப்பு இமாலய உப்பு இவை பரவாயில்லையா?

எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். விலைதான் வேறு.

"சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அதில் சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. முக்கால் பங்கு சோடியம், கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. நல்ல செய்திதான்.

ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஆபத்து. பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடியவை. இனிப்பு நீரும் கொதிப்பும் சேர்ந்து இருக்கிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர், அவர்களில் பலர் இந்த மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிடுகிறார்கள். மாத்திரைப் பையை டாக்டரிடமோ மருந்தகத்திலோ காட்டிக் கேட்காமல் இந்த உப்பை வாங்காதீர்கள். ஒரு சட்டிச் சமையல் என்று மேலே சொன்னேன். அதனாலேயே, வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் இது அந்த வீட்டுக்கே வேண்டாம்.

அஜினோமோட்டோ?

அதிலும் சோடியம் இருக்கிறது, எடைக்கு எடை பார்த்தால் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. உப்பைக் குறைத்து அதன் இடத்தில் துளி போடுகிறவருக்கு மொத்தச் சோடியம் இறங்கும். உப்பையும் போட்டு அதையும் போடுகிறவருக்கு ஏறும். நம் ஒட்டுக்கடைகள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

உப்பைக் குறைத்தால் அயோடின் குறைந்துவிடாதா?

கடையில் வாங்கும் பொடி உப்பில் அயோடின் கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள். 2020 முதல் சாப்பாட்டு உப்புக்கு இங்கே அது கட்டாயம். 5 கிராம் அளவோடு சாப்பிட்டாலும் போதும், மீனும் முட்டையும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது?

ஒரு வயது வரை உப்பு வேண்டாம். பெரியவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்து, "பாவம், சப்பென்று இருக்கே" என்று ஒரு சிட்டிகை போடுவதுதான் நடக்கிறது. குழந்தைக்கு அது சப்பென்று தெரியாது.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடுமாமே?

உருளைக்கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது. அந்தக் கிழங்கையும் நீங்கள்தானே சாப்பிடப் போகிறீர்கள்? தண்ணீரோ காயோ சேர்த்துக் குழம்பைப் பெருக்குங்கள், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்.

பிரஷர் இறங்கிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரையால் இறங்கியதா, உப்பால் இறங்கியதா என்று பிரஷர் மானி சொல்லாது. வீட்டில் பார்த்த எண்களைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோனால், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர் பார்ப்பார். வயதானவர், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர், திடீரென்று சோர்ந்து குழப்பமாகப் பேசினால் அது சோடியம் மிகவும் இறங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உண்மையில் குறைத்திருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம்தான் எல்லை. அதன்படி 500 கிராம் பாக்கெட் 25 நாள் வர வேண்டும். ஆனால் கிச்சாப்பும் ரொட்டியும் கடைச் சாப்பாடும் அந்த 20இல் பாதியையாவது எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓட வேண்டும். மாதம் முடியுமுன் காலியானால் கை அதிகம். மீன் கழுவவும் மாங்காய் ஊறப்போடவும் எடுக்கும் உப்பை வேறு ஜாடியில் வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும். கிச்சாப் பாட்டிலிலும் அதே போல ஒரு தேதி எழுதலாம்.

தீபாவளி, கோயில் திருவிழா நாள்களில்?

சாப்பிடுங்கள். ஒரு நாள் முறுக்கால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பத்து டின் முறுக்கு தைப்பூசம் வரைக்கும் மேசையில் இருந்தால்தான் சிக்கல். டின்னை மூடி அண்டை அயலாருக்குக் கொடுத்தனுப்புங்கள்.